இளநீர் வெட்டாத அண்ணனுக்கு

சிறுநீரகம் செயலிழந்து ஆஸ்பத்திரியில் இருந்த அப்பா வீட்டுக்கு வந்து இன்றோடு நாலு நாள். நடந்ததையெல்லாம் திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

நடுராத்திரியில் ஆட்டோ எடுத்த பக்கத்து வீட்டு மாமா, ரத்தம் கொடுத்த தம்பியின் நண்பர்கள், இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் வார்டு சிஸ்டர்கள், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்காக எனக்குப் பதில் வரிசையில் நின்ற சித்தி, உங்கள் எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

இன்னொருவர் இருக்கிறார். பெயர்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். மதுரை பெரியாஸ்பத்திரி பக்கம் இளநீர் விற்கிற அண்ணன்.

அன்றைக்கு மூன்றாவது டயாலிசிஸ். நாலு மணி நேரம் படுத்து எழுந்த அப்பாவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. தண்ணீரை டாக்டர் அளந்துதான் கொடுக்கச் சொல்லியிருந்தார். அந்த அளவுக்குள் இளநீராகவே கொடுப்போம், உடம்புக்குக் குளிர்ச்சிதானே என்று ஒன்று வெட்டச் சொன்னேன்.

அரிவாளை ஓங்கியவர் அப்பா கழுத்தில் இருந்த குழாயைப் பார்த்தார். காயைக் கீழே வைத்துவிட்டார்.

"டயாலிசிஸா தாயி? இவுகளுக்கு இது ஆகாது, பொட்டாசியம் ஏறிரும். என் வீட்டுக்காரிக்கும் இதே குழாய்தான் போட்டிருந்தாக."

தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலை அப்பாவுக்குப் போட்டார். பக்கத்து ஜூஸ் கடையில் ஒரு ஐஸ் துண்டு வாங்கி வந்து, "வாயில அடக்கிக்கங்கய்யா, தொண்டை நனையும்" என்றார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு அதைச் சப்பினார். காசு நீட்டினேன், வாங்கவில்லை.

அப்புறம்தான் டாக்டரிடம் விவரமாகக் கேட்டேன். நல்ல சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, ஒன்றரை லிட்டர் போலத்தான் சிறுநீராக வெளியே விடுமாம். மிகுந்த பொட்டாசியத்தைத் தள்ளுவதும் அதன் வேலைதான். அது படுத்துவிட்டால் பொட்டாசியம் ரத்தத்திலேயே தங்கும், மிஞ்சினால் இதயத் துடிப்பே நிற்கலாம். இதைக் கேட்டபோது எனக்குக் கை நடுங்கியது.

பதினைந்து வருஷமாக அப்பாவுக்குச் சர்க்கரை. முட்டிவலிக்கு மருந்துக் கடையில் அவராகவே மாத்திரை வாங்கிப் போடுவார். இரண்டுமே சிறுநீரகத்தைக் கெடுக்கலாம் என்று எங்களுக்குத் தெரியாது. சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று ரத்தத்தில் பார்க்கும் கிரியாட்டினின் என்ற பேச்சே எங்கள் வீட்டில் வந்ததில்லை. வலி இல்லையே என்று இருந்துவிட்டோம். இனி நானும் தம்பியும் வருஷத்துக்கு ஒரு தடவை கிரியாட்டினினும் சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்றும் பார்த்துவிடுவோம். டாக்டரைக் கேட்காமல் ஒரு வலி மாத்திரைகூட வீட்டுக்குள் வராது.

அண்ணே, வெள்ளிக்கிழமை அடுத்த டயாலிசிஸுக்கு வருகிறோம். இளநீர் எனக்கு மட்டும் வெட்டுங்கள். அந்த ஸ்டூலை அப்பாவுக்குக் கொடுங்கள்.