மயிலிட்டித் துறையில் ஒரு மீன் பெட்டி

அன்பான மயிலிட்டி உறவுகளுக்கும், எங்கெங்கோ இருந்து எனக்காக வேண்டிக்கொண்ட ஊரவர்களுக்கும்,

வணக்கம். கடல் வேகப்படகுப் பந்தயத்தில் எங்கள் படகு கவிழ்ந்த அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்பதை உங்களில் பலர் காணொளியிலேயே பார்த்துவிட்டீர்கள். அதைத் திரும்ப எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை. விலா எலும்புகள் பொருந்திவிட்டன. இடது முழங்கால்தான் இன்னும் முழுதாக மடியவில்லை. உயிரோடு இருக்கிறேன். நாளை மறுநாள் கட்டுநாயக்காவில் விமானம் ஏறுகிறேன். அதற்கு முன், யாழ்ப்பாணத்து வடகரையில், எங்கள் மயிலிட்டியில், சின்னம்மா வீட்டு விறாந்தையில் இருந்து இதை எழுதி முடித்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். கவிழ்ந்த படகுக்குள் வந்து என்னை வெளியே எடுத்த சுழியோடிகள். தலைகீழாகக் கவிழ்க்கும் கூண்டுக்குள் எங்களைப் பட்டியால் கட்டி, தண்ணீருக்குள் முக்கி, காற்றுக் குழாயைத் தேடிப் பிடித்து வாயில் வைக்கவும், பட்டியைக் கழற்றி வெளியே வரவும் திரும்பத் திரும்பப் பழக்கிய பயிற்சியாளர். அன்றைக்கு என் கைகள் தாமாகவே அதைச் செய்தன என்றால் அது அவர் போட்ட பழக்கம். வைத்தியசாலைத் தாதியர். கையில் கட்டோடு தினமும் என்னைப் பார்க்க வந்த என் சக ஓட்டுநர். இலண்டனில் இருந்து மூன்று மணி நேரம் கார் ஓடி, மிளகு ரசமும் இடியப்பமும் கொண்டுவந்த எங்கள் ஊர்க் குடும்பங்கள். கோயிலில் அர்ச்சனை செய்தவர்கள், தேவாலயத்தில் மெழுகுதிரி கொளுத்தியவர்கள். இரவில் என்னோடு விழித்திருந்த அம்மா. நீங்கள் ஒவ்வொருவரும் இல்லாமல் நான் இல்லை.

ஆனால் இந்த மடலை எழுத வைத்தது ஒரு மீன் பெட்டி.

நான் இங்கு வந்தது உடம்பு தேற. அப்படித்தான் எல்லோருக்கும் சொன்னேன். உண்மையில், எனக்குக் கடலைப் பார்க்கவே பயமாகிவிட்டது. பதினொரு வருடம் கடலில் பந்தயம் ஓடியவளுக்கு, குளியலறையில் முகத்தில் தண்ணீர் ஊற்றினால் மூச்சு நின்றது. இதை அம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை. பயம் போகிறதா பார்ப்போம் என்று, விடியற்காலையில் மெல்ல நடந்து துறைமுகத்துக்குப் போய் அணையில் நிற்பேன். தொழிலுக்குப் போன போட்டுகள் திரும்பி வரும். மீனை இறக்குவார்கள், நிறுப்பார்கள், ஏலம் கூறுவார்கள். நான் அரை மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன்.

நாலு நாள் அப்படி நின்றேன். ஐந்தாம் நாள், நான் வழக்கமாக நிற்கிற இடத்துக்கு நேர் கீழே ஒரு பைபர் போட் கட்டியிருந்தது. அணையின் விளிம்பிலிருந்து போட்டின் தளம் நல்ல பள்ளம். இரண்டு காலும் சரியாக உள்ளவர்கள் ஒரே எட்டில் குதித்து இறங்குவார்கள், என் முழங்காலுக்கு அது முடியாத காரியம். அந்தப் போட்டுக்குள், அணையை ஒட்டி, ஒரு பிளாஸ்டிக் மீன் பெட்டி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் நாலாக மடித்த சாக்கு ஒன்று. போட்டின் முன்பக்கத்தில், அணியத்தில், வயதான ஒருவர் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

தன் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் அவரை அப்பு என்றுதான் கூப்பிட்டேன், இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

அன்று நான் இறங்கவில்லை. பெட்டி ஏதோ மீன் வேலைக்கு என்று நினைத்தேன். அடுத்த நாளும் பெட்டி அதே இடத்தில் இருந்தது. இரவு பெய்த மழையில் போட் முழுக்க நனைந்து கிடந்தது, சாக்கு மட்டும் காய்ந்திருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. தொழிலால் வந்து, மீனை இறக்கி, போட்டைக் கழுவி, அதற்குப் பிறகு கரையில் உள்ள தன் குடிசையில், வாடியில் இருந்து அந்தப் பெட்டியையும் சாக்கையும் எடுத்து வந்து வைக்கிறார். நான் வந்து நிற்கிற நேரத்துக்கு.

இறங்கினேன். ஒரு கால் சாக்கில், மற்றக் கால் தளத்தில். "மெல்ல, பிள்ளை" என்ற ஒரு சொல்தான் அவரிடமிருந்து வந்தது. எஞ்சினைத் தொடவில்லை, கயிற்றை அவிழ்க்கவில்லை. அவர் வலை பொத்தினார், நான் கட்டியிருந்த போட்டில் சும்மா இருந்தேன். அடியில் தண்ணீர் மெல்ல அடித்துக்கொண்டிருந்தது. மூன்று நாள் இப்படியே. என்ன நடந்தது, இனி என்ன செய்யப் போகிறாய் என்று அவர் கேட்கவே இல்லை. அந்த ஒரு மாதத்தில் அந்தக் கேள்விகளைக் கேட்காத ஒரே மனிதர் அவர்தான்.

கேட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. "இனிப் போதும், வீட்டோடு இரு" என்றவர்களும் என் மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னார்கள். பொம்பிளைப் பிள்ளைக்கு இது எதற்கு, வயதும் நாற்பதாகிறது என்றவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் போட்டியில் பெண்களுக்கென்று தனி வரிசை கிடையாது. ஆணும் பெண்ணும் ஒரே கொடிக்குப் புறப்படுகிறோம், ஒரே அலையில் விழுகிறோம். அமெரிக்காவின் வேகப்படகு ஓட்டுநர் பெட்டி குக், 1977இலும் 1979இலும் கடல் பந்தய உலகப் பட்டத்தை ஆண்களிடமிருந்து வென்றபோது ஐம்பதைக் கடந்தவர். பிரித்தானியாவின் அரன் சீமாட்டி, 1980இல் வின்டர்மியர் ஏரியில் வேகப்படகில் மணிக்கு 100 மைலைத் தாண்டியபோது அறுபதைக் கடந்தவர். வைத்தியசாலையில் என் கட்டிலுக்கு மேலே பெட்டி குக்கின் படத்தை ஒட்டிவிட்டுப் போனவர் என் சக ஓட்டுநர். அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். ஆனாலும் பயம் போகவில்லை. படம் பார்த்துப் போகிற பயமாக அது இருக்கவில்லை.

சரி, அப்புவிடம் வருகிறேன்.

நாலாம் நாள் அவர் கயிற்றை அவிழ்த்தார். பெற்றோலில் எஞ்சினைத் தட்டி எடுத்து, மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நடை வேகத்தில் அணைக்குள்ளேயே ஒரு சுற்று. அவ்வளவுதான், திரும்பக் கொண்டுவந்து கட்டிவிட்டார். அடுத்த நாள் இரண்டு சுற்று. அதற்கடுத்த நாள் அணைக்கு வெளியே. சோளகம் என்கிற தென்மேல் காற்று ஓய்கிற காலம், காற்று தரையில் இருந்து வீசுவதால் எங்கள் வடகரையில் கடல் பெரிதாக எழும்பாது. ஆனாலும் வெளியே போனால் அசைவு இருக்கும்தானே. நான் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்பு வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

ஒன்பதாவது நாள் என்று நினைக்கிறேன். "முன்னுக்கு ஒருக்கா வலையைப் பாக்கோணும். இதைப் பிடி" என்று எஞ்சின் கைபிடியை விட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டார். அன்று போட்டில் வலையே இருக்கவில்லை. பிறகுதான் அதைக் கவனித்தேன்.

பந்தயப் படகில் நாங்கள் இரண்டு பேர். ஒருவர் சுக்கான் பிடிப்பார், நான் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பிடியை, திறொட்டிலை, பிடிப்பேன். அந்த வேகத்தில் படகு அலையின் முதுகில் ஏறினால் தண்ணீரை விட்டு முழுதாக மேலே எழும்பிவிடும். புரொப்பெல்லருக்குக் கடிக்கத் தண்ணீர் கிடைக்காது, எஞ்சின் வீரிடும். அந்தக் கணத்தில் திறொட்டிலை இழுக்க வேண்டும், படகு திரும்பத் தண்ணீரில் இறங்குகிற கணத்தில் தள்ள வேண்டும். இழுக்கப் பிந்தினால் எஞ்சின் சிதறும், தள்ளத் தவறினால் வேகம் போய்விடும். ஒரு பந்தயத்தில் இதை எத்தனை நூறு தடவை செய்வோமோ தெரியாது. கண்ணை விடக் காதும் இருப்பெலும்பும்தான் இதைச் செய்யும். என்னுடைய தொழில் முழுக்க இந்த இழுப்பும் தள்ளலும்தான்.

அப்புவின் எஞ்சின் பதினைந்து குதிரை வலு. எங்கள் படகோடு ஒப்பிட்டுச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் தூரத்தில் போன பெரிய றோலர் (இழுவைப் படகு) ஒன்றின் அலை வந்து போட்டின் பின்பக்கத்தைத் தூக்கியது. புரொப்பெல்லர் தண்ணீருக்கு மேலே வந்து எஞ்சின் குரல் ஏறியது. நான் யோசிக்கவில்லை. என் மணிக்கட்டு பிடியைப் பின்னுக்குத் திருகியது, பின்பக்கம் தணிந்தபோது முன்னுக்குத் திருகியது. குரல் ஒரே சீராக இறங்கியது.

அப்பு அணியத்தில் இருந்து முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தார். "ஓம்" என்றார். அவ்வளவுதான்.

நான் அழுதேன். கரைக்கு வரும்வரை அழுதுகொண்டே ஓட்டினேன். அவர் முன்பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

எண்ணெய்க் காசு கொடுத்தேன், வாங்கவில்லை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவானபோது, கடலுக்குப் போக வழியில்லாமல் போட்டுகள் கரையில் கிடந்த கதையைச் சின்னம்மா சொல்லியிருக்கிறா. அந்த நாட்களைக் கண்டவர், மீன் ஒன்றும் பிடிக்காத ஒரு ஓட்டத்துக்கு, என் ஒருத்திக்காக, எண்ணெய் எரித்தார்.

ஏன் என்று ஒருநாள் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தொண்ணூறிலை இந்தக் கரையை விட்டிட்டுப் போனனாங்கள். இருபத்தேழு வரியம் வேறை துறையளிலை நிண்டு தொழில் செய்தன். திரும்பி வந்த அண்டைக்கு என்னாலை போட்டிலை ஏறேலாமல் போச்சு, பிள்ளை. கால் வரேல்லை. கரையிலை இருந்தன்."

1990 யூனில் போரால் நாங்கள் இந்த ஊரை விட்டுப் போனபோது எனக்கு ஆறு வயது. 2017 யூலையில் துறை இராணுவத்திடமிருந்து திரும்பக் கிடைத்த செய்தி வந்தபோது நான் ஒரு பந்தயத்துக்காகப் படகு கழுவிக்கொண்டிருந்தேன். சந்தோசப்பட்டேன், படங்களைப் பார்த்தேன், பிறகு வேலையைத் தொடர்ந்தேன். திரும்பி வந்த கடலுக்குள் இறங்க முடியாமல் கரையில் இருந்தவர்களைப் பற்றி அன்று நான் நினைத்தும் பார்க்கவில்லை. அப்புவுக்கு அன்று யார் பெட்டி வைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

திரும்பப் பந்தயத்துக்குப் போவேனா? வைத்தியர் என்ன சொல்வார் என்று பார்ப்போம். போகத்தான் ஆசை. ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது, அதை இங்கே எல்லோர் முன்னிலையிலும் சொல்லி வைக்கிறேன்.

இந்தக் காலத்து வெளியிணைப்பு எஞ்சின்களோடு பெரும்பாலும் ஒரு சிவப்புச் சுருள் கயிறு வரும். ஒரு முனை எஞ்சினில், மறுமுனை ஓட்டுபவரின் கையில் அல்லது காலில். ஆள் தவறிக் கடலில் விழுந்தால் கயிறு கழன்று எஞ்சின் நின்றுவிடும். இல்லாவிட்டால் ஆளில்லாத போட் வட்டமடித்துத் திரும்பி, விழுந்தவர் மேலேயே வரக்கூடும். பந்தயத்தில் அதைக் கட்டாமல் எவரையும் புறப்பட விடமாட்டார்கள். எங்கள் துறையில் நான் பார்த்த போட்டுகளில் அநேகமானவற்றில் அந்தக் கயிறு இல்லை. அப்புவின் கயிறு வாடியில் ஆணியில் தொங்கியது, தூசு படிந்து. தனியாகத் தொழிலுக்குப் போகிறவர்கள் இத்தனை பேர் இருக்கிற கரையில் இதை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. பங்குனியில் கடல் தணிந்ததும் திரும்பி வருகிறேன். அணையில் கட்டுகிற ஒவ்வொரு போட்டுக்கும் ஒவ்வொரு கயிறு கொண்டு வருவேன். கட்டும் முறையை நானே நின்று காட்டுவேன். எஞ்சின் பழக விரும்புகிற பெண் பிள்ளைகள் இருந்தால் தாய் தகப்பனோடு வாருங்கள், அதையும் சொல்லித் தருகிறேன்.

நேற்றுக் காலை விடைபெறப் போனேன். கடைசியாக ஒரு ஓட்டம் போவோம் என்றார். தூசு தட்டி அந்தக் கயிற்றைக் கொண்டுபோய் அவர் கையில் கட்டிவிட்டேன். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கழற்றவில்லை. பிறகு பெட்டியைச் சுட்டிக்காட்டி, "இது இதிலேயே கிடக்கட்டும்" என்றார்.

அப்பு, நன்றி. பங்குனியில் வாறன்.

என்றும் உங்கள்,
மயிலிட்டிப் பிள்ளை