ஒரு ஃபாரமும் மிளகு ரசமும்

அன்பு நண்பா,

மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் பெரிய சந்தோஷம். வராததற்குத் திட்டாதே, அந்த வாரம் இங்கே செமஸ்டர் தேர்வு.

பத்திரிகைப் பக்கங்களை வெட்டி ஒட்டும் பேஸ்ட்-அப் மேஜையில் ரப்பர் சொல்யூஷனோடு கிடந்தவன் டிசைன் வகுப்பில் என்ன கிழிக்கிறான் என்று கேட்டிருந்தாய். முதல் வருஷம் ஒன்றும் கிழிக்கவில்லை. பக்கத்தைக் கட்டம் பிரிக்கும் கிரிட், வண்ணச் சக்கரம் என்று போர்டில் எழுதுவேன், பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அப்போதுதான் சீப்பி பினெலிஸ் என்ற பெண் பத்திரிகை வடிவமைப்பாளரைப் பற்றிப் படித்தேன்.

வியன்னாவில் 1908-ல் பிறந்து, 1923-ல் அமெரிக்கா போனவர். காண்டே நாஸ்ட் பத்திரிகை நிறுவனத்தில் எம்.எஃப். ஆகா என்ற கலை இயக்குநரின் கீழ் தொழில் பழகி, கிளாமர், செவன்டீன், சார்ம் என்று வரிசையாகப் பத்திரிகைகளுக்குக் கலை இயக்குநர். சார்ம் வேலைக்குப் போகும் பெண்களுக்கான பத்திரிகை. செவன்டீனில் கதைக்குப் படம் போட பென் ஷான் மாதிரி ஓவியர்களை அழைத்தார். கதையைக் கையில் கொடுத்து, எதை வரைவது என்பதை அவர்களிடமே விட்டுவிட்டாராம். நம்ம பழைய எடிட்டர் ஞாபகம் வருகிறாரா? கதாநாயகி தலையில் மல்லிகை குறைகிறது என்று உன் படத்தை மூன்று தடவை திருப்பி அனுப்பினாரே!

1960-களில் நியூயார்க்கில் உள்ள பார்சன்ஸ் டிசைன் கல்லூரிக்குப் பாடம் நடத்த வந்தார். எனக்குப் பிடித்தது அங்கே நடந்ததுதான். 1974-ல் மாணவர்களின் ஆண்டுமலரை ரொட்டியைப் பற்றிய புத்தகமாகவே ஆக்கிவிட்டார். எல்லா வருஷமும் வருகிற அதே போட்டோ வரிசைக்குப் பதிலாக ரொட்டி! சாப்பாட்டுப் பித்து அவருக்குப் பழசு. 1945-லேயே அம்மாவின் சமையல் குறிப்புகளைக் கையால் எழுதி, படம் தீட்டி ஒரு நோட்டாக்கியிருக்கிறார். அவர் காலமாகிப் பல வருஷம் கழித்து அது யார் கண்ணிலோ பட்டு, 2017-ல் புத்தகமாக வந்தது.

நானும் காப்பியடித்தேன். வகுப்பே சேர்ந்து ஒரு புத்தகம்: ஆளுக்கு ஒரு பக்கம், அவரவர் வீட்டு ரசம். போர்டைத் துடைத்துவிட்டு, பிரஸ்ஸுக்குப் போகிற தேதியை மட்டும் எழுதினேன். கொட்டாவி நின்றது. 'நெல்லிக்காய் அளவு புளி'யை எப்படி அச்சில் காட்டுவது என்று இரண்டு நாள் சண்டை. கிராமில் போடலாம் என்றான் ஒருத்தன். அவன் பாட்டியே ஒத்துக்கொள்ளவில்லையாம். கடைசியில் ஒரு பெண் புளி உருண்டையை அதே அளவில் மார்ஜினில் வரைந்து வைத்துவிட்டாள். படித்துப் புரிந்துகொள்ள வேண்டாம், பக்கத்தில் வைத்து அளந்துகொள்ளலாம். முப்பது வருஷ லேஅவுட்டில் எனக்கு அது தோன்றியதில்லை, போ.

இப்போது சிக்கல் என்னவென்றால், வகுப்பில் 15 பேர். ஒரே தாளில் அச்சடித்து மடிக்கிற ஃபாரத்துக்கு 16 பக்கம். விளம்பரம் போட்டு நிரப்ப மனசில்லை. தங்கச்சி வைக்கிற மிளகு ரசத்தைக் கேட்டு எழுதி அனுப்பு. படத்தை நீயே போடு. மல்லிகை வேண்டாம்.

புதன்கிழமைக்குள் வரணும். ஃபாரம் மூடிவிடுவேன்.

உன்
பக்கத்து மேஜைக்காரன்