தாத்தாவின் குதிகால்

தம்பிக்கு,

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். பாதியில் விட்டுவிடாமல் படி.

சின்ன வயதில் உன் தாத்தாவுக்கு நான்தான் கால் பிடித்துவிடுவேன். குதிகாலுக்கு மேலே பின்பக்கம் கயிறு மாதிரி ஒரு தசைநாண் ஓடுகிறதே, அது அவருக்கு என் கட்டைவிரலைவிடத் தடிமனாகப் புடைத்து, நடுவில் முடிச்சு விழுந்த மாதிரி இருக்கும். நிறைய நடந்த கால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள், நானும் நம்பினேன். 46 வயதில் தூக்கத்திலேயே போய்விட்டார். பெரிய மாமா 49-ல். ரெண்டு பேருமே ஒல்லி, சிகரெட்டைத் தொட்டதில்லை. விதி என்று சொல்லி அழுது முடித்தோம்.

போன வருஷம் நான் நெஞ்சடைத்துப் படுத்திருந்தேனே, அப்போது ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மா போர்வையை விலக்கி என் குதிகாலைத் தடவிப் பார்த்தார். "உங்க வீட்ல வேற யாருக்காவது இப்படி இருந்துச்சா?" என்று கேட்டார். மனசுக்கு முன்னால் என் விரலுக்குத்தான் ஞாபகம் வந்தது. அந்த முடிச்சு கொலஸ்ட்ரால்தானாம், பல வருஷமாக அங்கே போய்ப் படிந்தது.

இதில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. பத்து வருஷம் முன்னாலேயே ஒரு ரிப்போர்ட்டில் எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால் என்கிறார்களே அது, 238 என்று வந்தது. வாயைக் கட்டுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கட்டினேன், 214-க்கு இறங்கியது, அதற்குமேல் அசையவில்லை, என் நாக்குதான் காரணம் என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். எல்டிஎல் 190-க்கு மேல் போனாலே குடும்பத்தில் யாருக்கு மாரடைப்பு வந்தது, எந்த வயதில் வந்தது என்று கேட்டிருக்க வேண்டும். ஒருவரும் கேட்கவில்லை.

விஷயம் இதுதான். ரத்தத்தில் சுற்றும் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ள கல்லீரல் செல்களின் மேல் கொக்கிகள் மாதிரி ஏற்பிகள் இருக்கின்றன. அதைக் கண்டுபிடித்த பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டீனுக்கும் 1985-ல் நோபல் கொடுத்தார்கள். அந்தக் கொக்கியைச் செய்யும் மரபணு அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என்று எல்லோருக்கும் இரண்டு பிரதி. நம் வீட்டில் ஒரு பிரதி பழுது. கொக்கிகள் பாதிதான் வேலை செய்யும், மிச்ச எல்டிஎல் குழாய்ச் சுவரில் போய் ஒட்டும், அதுவும் பிறந்த நாளிலிருந்து. கொலஸ்ட்ரால் கூடுகிற எல்லோருக்கும் இப்படி ஒரே மரபணு காரணமில்லை, பலருக்குச் சின்னச் சின்ன மாற்றங்கள் நிறையச் சேர்ந்து ஏற்றிவிடும். ஆனால் நம்முடையது மாதிரிப் பழுதும் அபூர்வமில்லை, ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறதாம்.

உனக்கு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நீ ஓடுகிறாய், தொப்பை இல்லை, எல்லாம் நல்லதுதான், விட்டுவிடாதே. ஆனால் தாத்தாவுக்கும் தொப்பை இல்லை.

இன்னொன்றும் படித்தேன், அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. பிசிஎஸ்கே9 என்று ஒரு மரபணு, அந்தக் கொக்கிகளை அழிப்பதுதான் அதன் வேலை. சிலருக்குப் பிறவியிலேயே அது சரியாக வேலை செய்யாது. 2006-ல் வந்த ஓர் ஆய்வில், அப்படிப்பட்ட கறுப்பின அமெரிக்கர்களுக்கு எல்டிஎல் 28 சதவீதம்தான் குறைவு, ஆனால் இதய நோய் 88 சதவீதம் குறைவு. ஆயுள் முழுக்கக் குறைவாகவே இருந்ததால் அவ்வளவு பலன். அதாவது அளவு மட்டும் கணக்கில்லை, எத்தனை வருஷம் அந்த அளவில் இருந்தது என்பதும் கணக்கு. நான் 52-ல் ஆரம்பித்தேன். உனக்கு இப்போது 29.

மாத்திரை என்றதும் முகத்தைச் சுளிக்காதே. ஸ்டேட்டின் போட்டால் கல்லீரல் தானே கொலஸ்ட்ரால் செய்வதைக் குறைத்துக்கொள்ளும், போதவில்லையே என்று நல்ல பிரதியை வைத்து அதிகக் கொக்கிகளை வெளியே நீட்டும். இன்னொரு மாத்திரையும் சேர்த்துப் போட்டு எனக்கு எல்டிஎல் இப்போது 88. தசை வலி வரும் என்று பயமுறுத்துவார்கள், எனக்கு வரவில்லை, வந்தால் மாற்றித் தருவார்கள்.

ஒரு குழாய் ரத்தம் கொடு, போதும். அதோடு எல்பி(ஏ) என்று ஒன்றையும் கேள், எல்டிஎல் மாதிரியே ரத்தத்தில் சுற்றும் இன்னொரு கொழுப்புத் துகள், அதுவும் பெரும்பாலும் மரபணு முடிவு செய்வதுதான், பெரும்பாலோருக்கு ஆயுளில் ஒருமுறை பார்த்தால் போதும். உனக்கு இந்தப் பழுது இல்லையென்றால் பேச்சு அங்கேயே முடிந்தது, உன்னிடமிருந்து பாப்பாவுக்கும் போயிருக்காது. இருந்தால் அவளுக்கும் பார்க்க வேண்டும், பெரியவளாகட்டும் என்று தள்ளிப்போடாதே.

போன தடவை வந்தபோது நீ காலை நீட்டி டிவி பார்த்துக்கொண்டிருந்தாய், நான் உன் குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாக்ஸ் போட்டிருந்தாய்.

ரிசல்ட் வந்ததும் "நார்மல்மா" என்று ஒரு வார்த்தையில் அனுப்பாதே. எல்டிஎல் வரி தெரிகிற மாதிரி தாளைப் போட்டோ எடுத்து அனுப்பு.

அம்மா