பெயர் ஒத்துப்போகிறதா பார், மச்சான்

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததில் சந்தோஷம். இன்னும் ஒரு மாசம் அடுப்புப் புகைப் பக்கம் விடாதே. முன்னாள் படைவீரர் சங்கத்துக்கு உன்னைச் செயலாளராக்கிவிட்டார்கள் என்று படித்துச் சிரித்தேன். ஸ்டோர் லெட்ஜரைக் கண்டாலே ஒதுங்குகிற ஆளிடம் ஊர்க் கணக்கு முழுவதையும் கொடுத்திருக்கிறார்கள்.

நீ கேட்டது மூன்று: கொடிமரம் எத்தனை அடி, கட்டடத்துக்கு வசூல் எப்படி, படா கானாவுக்கு (நம் பட்டாளத்துப் பெரிய விருந்து) அரிசி எவ்வளவு. மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீ கேட்காத ஒன்றைத்தான் முதலில் எழுத வேண்டியிருக்கிறது. சங்கத்தில் 62 பேர் என்கிறாய். பாதிப் பேராவது 70 தாண்டியவர்களாக இருப்பார்கள். அவர்களில் ஒருவர் கண்ணை மூடினால் மறுநாள் காலையில் அந்த அம்மா கையில் என்ன காகிதம் இருக்கும்? சங்கம் எதற்கு என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

அதனால் அடுத்த மாசக் கூட்டத்திலேயே ஆளுக்கு ஒரு தாள் கொடு. படை எண், ரேங்க், எந்த ரெக்கார்ட் ஆபீஸ் (படைப் பதிவேடுகள் இருக்கும் அலுவலகம்), பிபிஓ என்கிற பென்ஷன் உத்தரவின் எண் (பழையதும், ராணுவ பென்ஷனுக்கான ஆன்லைன் தளமான ஸ்பர்ஷில் வந்த புதியதும்), பென்ஷன் வரும் கணக்கு, அது மனைவியோடு கூட்டுக் கணக்கா தனிக் கணக்கா, ஈசிஎச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) கார்டு எண், ரத்த வகை, உள்ளூரில் இல்லாத பிள்ளையின் போன் நம்பர். இவ்வளவும் எல்லாரும் எழுதிவிடுவார்கள். அதற்குக் கீழே இரண்டு கட்டம் போடு. ஒன்றில் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் பிபிஓவில் உள்ளபடி, மற்றதில் ஆதாரில் உள்ளபடி. இதை அவர்களே எழுதக் கூடாது. காகிதத்தைக் கொண்டுவரச் சொல்லி, பார்த்து நீ எழுது. மனப்பாடமாகச் சொன்னால் இரண்டும் ஒத்துப்போகிற மாதிரிதான் இருக்கும்.

ஒத்துப்போகாது. பட்டாளத்தில் சேர்ந்த காலத்தில், கல்யாணமான தகவலைப் பதிந்த கிளார்க் வடக்கத்திக்காரர். தன் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். பெயரில் ழகரம் வந்தால் போச்சு. ரெக்கார்டில் வெறும் எல், ஆதாரில் இசட்எச். ஒன்றில் 'அம்மா', மற்றதில் 'அம்மாள்'. ஒன்றில் இனிஷியல் அப்பா பெயர், மற்றதில் புருஷன் பெயர். பிறந்த தேதிக் கட்டத்தைப் பார்த்தால் சில பேருக்குக் காலியாகவே இருக்கும்.

புருஷன் உயிரோடு இருக்கிற வரைக்கும் இது வலிக்காது, அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. இப்போது திருத்தினால் அவர் கையெழுத்தே சாட்சி. மனு, ஆதார் நகல், இரண்டு பெயரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரம், இவற்றை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் காட்டி, ரெக்கார்ட் ஆபீஸுக்கு அனுப்பிப் பார்ட் டூ ஆர்டர் (பதிவேட்டில் மாற்றத்தை ஏற்றும் உத்தரவு) போடவைத்துவிடலாம். மாசக் கணக்கில் இழுக்கும், ஆனால் முடியும். அவர் போன பிறகென்றால், நான்தான் அவர் பெண்டாட்டி என்று அந்த அம்மா நிரூபிக்க அலைய வேண்டும். பிறந்த தேதிக்கும் ஒரு கணக்கு உண்டு. குடும்ப பென்ஷன் வாங்குபவருக்கும் 80 வயது முடிந்தால் அடிப்படை பென்ஷனில் 20 சதவீதம் கூடும். 85இல் 30, 90இல் 40, 95இல் 50, 100இல் இன்னொரு முழு மடங்கு. தேதியே இல்லாத அம்மாவுக்கு 80 ஆனது எந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியப்போகிறது?

சரி, ஆள் போய்விட்டார் என்றே வைத்துக்கொள். மாலைக்குச் சொல்வதற்கு முன்னால் பிள்ளைகளில் பொறுப்பானவனைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டு விஷயம் சொல்லிவிடு. முதலாவது, ஏடிஎம் கார்டைத் தொடாதே என்று. செலவுக்கு வேண்டுமே என்று கணக்கைத் துடைத்து எடுத்துவிடுவார்கள். இறந்த தேதிக்குப் பிறகு ஏறிய பென்ஷன் திரும்பிப் போக வேண்டிய பணம். எடுத்துவிட்டால் பின்னால் குடும்ப பென்ஷனில் பிடிப்பார்கள். இந்த நெருக்கடிக்காகத்தான் நம் சங்கத்தில் அன்றைக்கே ரொக்கமாக ஒரு தொகையைக் கொடுத்துவிடுகிறோம். அப்புறம் உறுப்பினர்களிடம் ஆளுக்கு 100 ரூபாய் என்று வசூலித்து நிதியை நிரப்பிக்கொள்கிறோம். இரண்டாவது, இறப்பைப் பதியும்போது பிபிஓவில் என்ன பெயரோ அதையே சொல்ல வேண்டும். ஊரில் கூப்பிடுகிற பெயரைச் சொல்லிவிட்டால் அந்தச் சான்றிதழ் எங்கேயும் செல்லாது. 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. 30 நாள் வரை தாமதக் கட்டணம். அதற்கு மேல் ஒரு வருஷம் வரை அதிகாரியின் அனுமதி வேண்டும். ஒரு வருஷம் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு.

சான்றிதழ் கைக்கு வந்ததும் ஸ்பர்ஷில் இறப்பைத் தெரிவிக்க வேண்டும். வீட்டில் முடியாவிட்டால் பொதுச் சேவை மையத்திலோ ஸ்பர்ஷ் சேவை மையத்திலோ செய்யலாம். பெயரும் தேதியும் ஒத்துப்போனால் பெரிய சிக்கல் இல்லாமல் குடும்ப பென்ஷன் ஆரம்பித்துவிடும். தொகை குறைந்துவிட்டதே என்று வருவார்கள், அதையும் முன்கூட்டியே சொல்லிவை. கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 50 சதவீதம் என்பது 7 வருஷம், அல்லது அவர் இருந்திருந்தால் 67 வயதாகும் தேதி, இதில் எது முந்தியோ அதுவரைதான். பிறகு 30 சதவீதம். 67 தாண்டி இறந்தவர் வீட்டில் முதல் மாசத்திலிருந்தே 30தான்.

இன்னொன்று, உன் ஊரிலும் கட்டாயம் கேட்பார்கள்: "உடம்பின் மேல் தேசியக்கொடி போர்த்துங்கள்." போர்த்தாதே. அரசு மரியாதையோ ராணுவ, துணை ராணுவ மரியாதையோ உள்ள இறுதிச் சடங்குக்கு மட்டும்தான் அது. மற்றபடி கொடியைப் போர்வையாக்குவது 1971ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். சாவு வீட்டில் சட்டம் பேசினால் மனசு நோகும் என்று சங்கத்துக்காரர்களே விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். நம் சங்கத்தில் ரெஜிமென்ட் நிறத்தில் ஒரு சால்வை வைத்திருக்கிறோம். அதைப் போர்த்தி, மலர்வளையம் வைத்து, சாவ்தான் (அட்டென்ஷன்) போட்டு நின்றால் அதுவே பெரிய மரியாதை. தொப்பி போட்டவர்கள் சல்யூட் அடிக்கட்டும், வெறுந்தலைக்காரர்கள் அட்டென்ஷனில் நின்றால் போதும். அதேபோல உறுப்பினர் இறந்தார் என்று சங்கத்துத் தேசியக்கொடியை அரைக்கம்பத்தில் இறக்கும் அதிகாரமும் நமக்கு இல்லை. சங்கக் கொடியை இறக்கிக்கொள்.

நவம்பரில் உன் வீட்டுத் திண்ணை நிரம்பும், லைஃப் சர்டிபிகேட்டுக்கு (பென்ஷன்காரர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்று). 80 தாண்டியவர்களை அக்டோபரிலேயே முடித்து அனுப்பிவிடு. விவசாயம் பார்க்கிற கையில் ரேகை தேய்ந்திருக்கும், விரல் மெஷின் நாலு தடவை வைத்தாலும் எடுக்காது. போனில் முகம் காட்டும் முறைதான் நமக்கு லாயக்கு. ஆதார் ஃபேஸ் ஆர்டி, ஜீவன் பிரமாண் என்று இரண்டு செயலிகளும் வேண்டும். முதலில் இயக்குபவன் தன் ஆதாரைப் பதிந்துகொண்டால், அதே போனில் ஒவ்வொருவராக முடித்துவிடலாம். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரவைத்தால் முகம் கறுப்பாகும். வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி உட்காரவை. கண்ணாடியைக் கழற்றச் சொல். கண்ணைச் சிமிட்டச் சொல்லும்போது மெதுவாக, முழுசாகச் சிமிட்ட வேண்டும்.

தப்பு நடக்கிற இடம் வேறே. பென்ஷன் வழங்கும் அமைப்பு எது என்று பட்டியல் வரும். பணம் வங்கிக் கணக்கில்தானே வருகிறது என்று வங்கியைத் தொட்டுவிடுவார்கள். அது வங்கிக்குப் போய் நிராகரிக்கப்பட்டுத் திரும்பும். ஸ்பர்ஷுக்கு மாறியவர்களுக்கு அங்கே 'ஸ்பர்ஷ் - பிசிடிஏ பென்ஷன்ஸ் அலகாபாத்' என்றிருப்பதைத்தான் எடுக்க வேண்டும். பிபிஓ எண்ணும் புதியதையே போடு. விதவைகளுக்கு 'மறுமணம் செய்தவரா' என்ற கேள்வி வரும். அவசரத்தில் 'ஆம்' என்று விழுந்துவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். 75 வயது அம்மா, தனக்கு மறுமணம் ஆகவில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டு அலைவதைப் பார்க்கச் சகிக்காது. போனுக்கு வருகிற பிரமாண் எண் வெறும் ரசீதுதான். சில நாள் கழித்து ஸ்பர்ஷில் ஏற்றுக்கொண்டதா என்று பார்த்து, நோட்டில் டிக் அடி. அந்த மாசத்தில்தான் ஓடிபி கேட்டுத் திருட்டுப் போனும் வரும், கூட்டத்தில் உரக்கச் சொல்லிவிடு.

இனி உன் கொடிமரம். ஜிஐ பைப் 20 அடி நீளத்தில் வரும். 2 அங்குலப் பைப் வாங்கி 3 அடியைக் காங்கிரீட்டில் இறக்கினால் வெளியே 17 அடி நிற்கும். 3க்கு 2 அடிக் கொடிக்கு அது போதும். மேலே கப்பி பித்தளையில் போடு, இரும்பு ஒரே மழைக்காலத்தில் இறுகிவிடும். எல்லாரும் சொதப்புவது முடிச்சில்தான். மேஜையில் விரித்து, காவி மேல்பக்கக் கயிற்றில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மடிக்க ஆரம்பி. நீளவாக்கில் இரண்டு மடிப்பு, உள்ளே ஒரு பிடி காய்ந்த இதழ், பறக்கும் முனையிலிருந்து கயிற்றுப் பக்கமாக இறுக்கிச் சுருட்டு. இறக்கும் கயிற்றை அதன் மேல் மூன்று சுற்றுச் சுற்றி, கயிற்றை வளையமாக மடித்துக் கடைசிச் சுற்றுக்குள் செருகு. வளையத்தைத்தான் செருக வேண்டும். முனையைச் செருகினால் இழுக்க இழுக்க இறுகும், விருந்தாளி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பார். புது நைலான் கயிறு வழுக்கிப் பாதியிலேயே அவிழ்ந்துவிடும். பருத்திக் கயிறு ஜனவரிப் பனியில் நனைந்து உப்பிக்கொள்ளும். இரண்டு மூன்று வருஷம் பழகிய நைலான்தான் நல்லது. முந்தின நாள் சாயங்காலம் ஒத்திகை பார்த்தாலும் விடியற்காலை மறுபடி அவிழ்த்துக் கட்டு. ஈர இதழ் வேண்டாம், ஒட்டிக்கொள்ளும்.

லாஸ்ட் போஸ்ட் (மறைந்த வீரர்களுக்கான அஞ்சலி இசை) ஊத இப்போது பியூகிள்காரன் கிடைப்பதில்லை, போனில்தான் போடுகிறோம். ஏரோபிளேன் மோடில் வை. இரண்டு நிமிஷ மௌனத்தில் யாரோ ஒருவனின் காலர் ட்யூன் ஸ்பீக்கரில் வருவதைவிட அசிங்கம் இல்லை.

நினைவுச்சின்னம் இல்லையே என்கிறாய். புதிதாகக் கட்டுவதற்கு முன் தேடிப் பார். முதல் உலகப் போருக்குப் போனவர்கள் கணக்கை வெள்ளைக்காரன் பல ஊர்களில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். இங்கே வேலூர் லாங்கு பஜார் மணிக்கூண்டில் இருக்கிறது: 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள். அண்ணாந்து படிக்க ஆளில்லை. உன் பக்கத்துச் சாவடியிலோ பள்ளிக்கூடச் சுவரிலோ ஒரு பலகை சுண்ணாம்புக்கு அடியில் கிடக்கலாம். கிடைத்தால் தண்ணீரும் தேங்காய் நார் அல்லாத மெல்லிய பிரஷ்ஷும் போதும். ஆசிட் ஊற்றாதே. எழுத்தில் பெயின்ட் அடிக்கவும் வேண்டாம், இரண்டு தடவை அடித்தால் எழுத்தே தூர்ந்துவிடும். டிசம்பர் 16ஆம் தேதி, 1971 போரின் வெற்றி நாளுக்கு மலர்வளையம் வைக்க அதைவிட நல்ல இடம் ஏது?

கட்டடத்துக்கு வசூலே வேண்டாம் இப்போதைக்கு. கடன் வாங்கிக் கட்டி, மாடியை வாடகைக்கு விட்டு, வாடகைத் தகராறிலேயே இரண்டாகப் பிரிந்த சங்கங்கள் எத்தனையோ. முதலில் 1975ஆம் வருஷச் சங்கப் பதிவுச் சட்டப்படி பதிவு செய், ஏழு பேர் கையெழுத்துப் போதும். பதிந்த பிறகு வருஷா வருஷம் தணிக்கைக் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் பதிவாளருக்குப் போக வேண்டும். விட்டால் பின்னால் அபராதத்தோடு உட்கார்ந்து எழுதணும். கலெக்டர் ஆபீஸில் முன்னாள் படைவீரர் குறைதீர்க்கும் நாள் வரும்போது மனுவை இரட்டைப் பிரதியாகக் கொண்டுபோகச் சொல். ஒன்றில் முத்திரை வாங்கி உன் பைலில் வை. பேரன் பேத்தி காலேஜ் சேருகிற வீடுகளில் இல்லை, பிள்ளை தொழிற்கல்விப் படிப்பில் சேருகிற வீடுகளில் பிரதமர் ஸ்காலர்ஷிப்பைச் சொல்: பிளஸ் டூவில் 60 சதவீதம், பையனுக்கு மாசம் 2500, பெண்ணுக்கு 3000. முதல் வருஷமே விண்ணப்பிக்காவிட்டால் அவ்வளவுதான்.

படா கானா: நம் பக்கத்து ஆம்பூர்க் கணக்கு, சீரகச் சம்பா 10 கிலோவுக்குக் கறி 10 கிலோ. 90 பேர் சாப்பிடலாம். பல்செட்காரர்கள் அதிகம், கறியை வழக்கத்தைவிடக் கூட நேரம் வேகவிட்டுத்தான் அரிசியைத் தம்முக்குச் சேர்க்க வேண்டும். தூக்குவாளியோடு வருகிறவர்களுக்கென்று 2 கிலோ கூடப் போடு, கணக்குக் கேட்காதே.

தாளின் மாதிரி ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் எடுப்பதற்கு முன்னால் உன்னுடையதை நிரப்பிவிடு. பூங்குழலி என்று தங்கச்சி பெயரிலேயே அந்த ழகரம் இருக்கிறது, பிபிஓவை எடுத்துப் பார்.

அன்புடன்,
உன் மச்சான்
வேலூர்