ஆசிரியர் பயிற்சிக்குப் பாடத்திட்டம் வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே, வணக்கம்.

நாளைய ஆசிரியர்களுக்கு ஸ்லைடு தயாரிக்கவும் காணொலி வகுப்பு எடுக்கவும் சொல்லித் தருகிறீர்கள். சரி, அதுவும் தேவைதான். ஆனால் ஒரு புகைப்படத்தின் முன் நின்று, நிதானமாக வாசிக்க எப்போது சொல்லித் தரப் போகிறீர்கள்? அவர்களிடம் வரப்போகும் பிள்ளைகள் எழுத்துக்கு முன்பே படத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வு என் மனதை விட்டு அகலவில்லை. உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு, உருமாறிப் பூத்த டெய்சிப் பூக்களின் படத்தைக் காட்டினார்கள். ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்தின் விளைவு இது என்று படத்தோடு ஒரு குறிப்பு. எங்கே எடுத்தது என்பதற்கு எந்தச் சான்றும் கிடையாது. அப்படியிருந்தும் பத்தில் ஏறக்குறைய நான்கு பேர் அதை வலுவான ஆதாரம் என்றார்கள். இத்தனைக்கும் பூக்கள் அப்படி உருமாறுவது கதிர்வீச்சே இல்லாத இடங்களிலும் நடப்பதுதான். படமும் கூட இருந்த அந்த ஒரு வரியும் சேர்ந்துதான் வேலை செய்தன.

படத்தில் கைவைப்பதும் புதிதல்ல. 1982இல் நேஷனல் ஜியாகிரபிக் இதழ், அகலவாக்கில் எடுத்த படத்தை நெட்டுவாக்கு அட்டைக்குள் அடக்குவதற்காக கிசா பிரமிடுகளையே நெருக்கி வைத்தது. ஃபோட்டோஷாப் வந்ததே 1990இல்தான். இன்று நாலு வார்த்தை தட்டினால் செயற்கை நுண்ணறிவு புதுப்படமே தந்துவிடும். அதனால், அப்படிப்பட்ட படங்களில் கைவிரல் கணக்குப் பிசகும் என்று நம்பி 'விரல்களை எண்ணிப் பார்' என்பது போன்ற உத்திகளை மட்டும் பாடமாக வைத்துவிடாதீர்கள். அடுத்த மென்பொருள் வந்ததும் அவை பழசாகிவிடும். யார் எடுத்தது, முதலில் எங்கே வெளியானது, படத்தின் சட்டகத்துக்கு வெளியே என்ன விடுபட்டது என்று கேட்கும் பழக்கம் அப்படிப் பழசாகாது.

அந்தப் பழக்கம் விரிவுரை கேட்டு வராது, செய்துதான் வரும். பயிற்சி ஆசிரியர்கள் ஒரே வகுப்பறையை இரண்டு கோணத்தில் படம் எடுக்கட்டும். ஒன்றில் கூட்டமாகவும் மற்றொன்றில் வெறிச்சோடியும் தெரியட்டும். ஒரே படத்துக்கு மூன்று பேர் மூன்று குறிப்பு எழுதட்டும். கைக்கு வந்த படத்தைத் தலைகீழ்ப் படத்தேடலில் (சொல்லுக்குப் பதில் படத்தையே கொடுத்து இணையத்தில் தேடுவது) இட்டு, அது முன்பு எங்கே வெளியானது என்று கண்டுபிடிக்கட்டும். அப்புறம், மாணவர்களின் முகத்தை யாருடைய அனுமதியோடு இணையத்தில் ஏற்றுகிறோம் என்பதையும் பேசட்டும்.

யுனெஸ்கோ 2011இலேயே ஆசிரியர்களுக்கென்று ஊடக, தகவல் எழுத்தறிவுப் பாடத்திட்டம் ஒன்றை வெளியிட்டுவிட்டது. ஆக, நீங்கள் வெறுங்கையோடு தொடங்க வேண்டியதில்லை. படம் வாசிப்பதை விருப்பப் பாடமாக ஓரத்தில் வைக்காமல், வரலாறு, அறிவியல், மொழி கற்பிக்கும் முறைகளுக்குள்ளேயே சேர்த்து, செய்முறைக்கு மதிப்பெண்ணும் கொடுங்கள். அடுத்த பாடத்திட்டத் திருத்தத்திலேயே இதைச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர் பயிற்சியில் பணிபுரியும் ஒருவர்