அணை நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் கடலுக்கும் ஒரு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் நாகர்கோவில் பதிப்பில் தினமும் ஒரு சின்னக் கட்டம் வருகிறது. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு 1, சிற்றாறு 2, பொய்கை, மாம்பழத்துறையாறு, முக்கடல் என்று அணைகளின் நீர்மட்டம். எத்தனை அடி, உள்ளே வருவது எவ்வளவு, திறந்துவிட்டது எவ்வளவு, எல்லாம் இருக்கும். பக்கத்திலேயே தங்கம் விலை. நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் நீரோடியில் தொடங்கி ஆரோக்கியபுரம் வரை சுமார் 70 கிலோமீட்டர் கடலை வைத்துக்கொண்டிருக்கிற மாவட்டத்தில் அந்தக் கடலுக்கு ஒரு வரி கிடையாது. நாளைக்கு அலை எப்படி இருக்கும் என்று ஒரே ஒரு வரி. அதைக் கேட்டுத்தான் இந்தக் கடிதம்.

சங்குத்துறைக் கடற்கரையில் அந்த வெள்ளைச் சங்குத் தூணுக்குக் கொஞ்சம் தள்ளி நான் கடை வைத்திருக்கிறேன். டீ, சுண்டல், பழம்பொரி. வீட்டுக்காரர் முன்பு கட்டுமரத்தில் போனவர், இப்போது கரையோடு சரி. என் தம்பி மகன் பைபர் வள்ளத்தில் போகிறான். உங்கள் பேப்பரைக் காலையில் வாங்கி முதல் பக்கத்திலிருந்து வரி விளம்பரம் வரை படிப்பேன். மறுநாள் அதுவே சுண்டலுக்குக் கூம்பு ஆகிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மதுரைக்காரர் ஒருவர் சுண்டலைத் தின்று முடித்து, கூம்பைப் பிரித்து வைத்துக்கொண்டு, "அக்கா, கடல் சீற்றமா இருக்கும்னு போட்டிருக்கானே, இது என்னைக்குப் பேப்பர்?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமைப் பேப்பர். அவருடைய பிள்ளைகள் இரண்டும் அப்போது முழங்கால் அளவு தண்ணீரில் நின்றன.

செய்தியே போடவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. போடுகிறீர்கள். உள்பக்கத்தில் நான்கு வரியில், "மீனவர்களுக்கு எச்சரிக்கை" என்ற தலைப்பில் வரும். அந்தத் தலைப்பிலேயே பாதிப் பேர் கண்ணை எடுத்துவிடுவார்கள். திருநெல்வேலியிலிருந்து வேன் பிடித்து வருகிறவர் மீனவரா என்ன? இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கள்ளக்கடல் என்று சொல்கிறோமே, காற்றில்லாத நாளிலும் திடீரென்று கரையேறுகிற அலை, அதை ஆழக்கடலில் கிடக்கிற வள்ளக்காரன் உணரக்கூட மாட்டான். வள்ளம் மெதுவாக ஏறும், மெதுவாக இறங்கும், அவ்வளவுதான். அது பல்லைக் காட்டுவது கரைக்கு வந்த பிறகு. வள்ளத்தை ஏற்றி இறக்கும்போது எங்கள் ஆட்களுக்கும் ஆபத்துதான். ஆனாலும் முதலில் பயப்பட வேண்டியவன் ஈரமணலில் நின்று போட்டோ எடுக்கிறவன். அவனுக்குத்தான் யாரும் சொல்வதில்லை.

எங்கள் ஆட்களுக்குத் தகவல் வராமல் இல்லை. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் இந்தக் கரை பறிகொடுத்ததற்குப் பிறகு, காற்று நிலவரம் பார்க்காமல் வள்ளத்தைத் தள்ளுகிறவர் குறைவு. போனில் பார்க்கிறார்கள், கோயில் மைக்கில் சொல்கிறார்கள், ஒருவருக்கொருவர் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்கிறார்கள். என் மருமகன் (தம்பி மகனைத்தான் சொல்கிறேன்) ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்கிற மத்திய அரசின் கடல் தகவல் மையம் தினமும் வெளியிடுகிற கடல் நிலவரத்தைப் போனில் திறந்து காட்டுவான். நான் விவரம் கற்றுக்கொண்டது அவனிடம்தான். "மாமி, உயரத்தைப் பாக்காத, விநாடியைப் பாரு" என்பான்.

அந்த விநாடி உங்கள் செய்தியில் வருவதே இல்லை. "0.5 மீட்டர் முதல் 1.5 மீட்டர் வரை அலை எழும்பும்" என்று போடுகிறீர்கள். படிக்கிறவர், ஒன்றரை மீட்டர்தானே, நெஞ்சளவு, இதற்கா இவ்வளவு என்று நினைக்கிறார். நானும் நினைப்பேன். இங்கே அடிக்கிற காற்று கிளப்புகிற அலை ஆறு, எட்டு விநாடிக்கு ஒன்றாக வந்து உடையும். சத்தம் அதிகம், சரக்கு குறைவு. கள்ளக்கடல் அலை இங்கே பிறந்தது இல்லை. பூமியின் தெற்கே, அண்டார்டிகாவுக்கு இந்தப் பக்கம் அடிக்கிற புயலில் பிறந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்து வருவது. ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் 16, 18 விநாடி இருக்கும், சில நாள் 20 கூட இருக்கும். இடைவெளி நீளம் என்றால் ஒவ்வொரு அலைக்குள்ளும் அடைந்திருக்கிற தண்ணீர் அதிகம். அது உடைந்தவுடன் திரும்பிப் போகாது, கரைமேல் ஏறிக்கொண்டே இருக்கும். எட்டு விநாடியில் வருகிற இரண்டு மீட்டர் அலையைவிட, பதினெட்டு விநாடியில் வருகிற ஒன்றரை மீட்டர் அலைக்கு வலு கூடுதல்.

சென்னைக்குப் பக்கத்துக் கோவளத்தில் பலகை வைத்து அலைச்சறுக்கு விளையாடுகிற பிள்ளைகள் இந்த விநாடிக் கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் கடலில் இறங்குவார்களாம். (நம் மாவட்டத்திலும் ஒரு கோவளம், கேரளத்திலும் ஒரு கோவளம். எந்தக் கோவளம் என்று தெரியாமல் பஸ் ஏறி வந்தவர்களுக்கு நான் டீ கொடுத்திருக்கிறேன்.) விளையாடப் போகிறவன் பார்க்கிற கணக்கு, குடும்பத்தோடு காற்று வாங்க வருகிறவனுக்கு வேண்டாமா?

இந்த அலை அன்றைக்கு நினைத்து அன்றைக்கு வருவதும் இல்லை. 2024 மார்ச் 31, உயிர்ப்பு ஞாயிறு, கேரளத்திலும் நம் மேற்குக் கரையிலும் கடல் ஊருக்குள் ஏறியது நினைவிருக்கும். அதற்குக் காரணமான காற்றழுத்தத் தாழ்வு அட்லாண்டிக்கிலிருந்து நகர்ந்து மார்ச் 25ஆம் தேதியே இந்தியப் பெருங்கடலின் தெற்குக்கு வந்துவிட்டது என்று இன்காய்ஸ் பிறகு விளக்கம் கொடுத்தது. அங்கே 11 மீட்டர் உயரத்துக்கு அலை எழுந்ததாம். அங்கிருந்து நம் கரைக்கு ஆறு நாள். ஆறு நாளில் நீங்கள் ஆறு பேப்பர் அச்சடிக்கிறீர்கள். மறுநாள் படம் நன்றாக வந்திருந்தது, இடிந்த சுவர், மண் புகுந்த அடுக்களை, தலையில் கைவைத்து உட்கார்ந்த பெண்கள். "ராட்சத அலை" என்று கொட்டை எழுத்து.

அதற்கு ஐந்து வாரம் கழித்து, மே 6ஆம் தேதி, கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் கடலோடு போனார்கள். திருச்சியில் படித்த பிள்ளைகள், நாகர்கோவிலுக்குக் கல்யாணத்துக்கு வந்தவர்கள். அதையொட்டிய இரண்டு நாளில் நம் மாவட்டத்தில் வேறு இடங்களிலும் கடல் ஆட்களை எடுத்தது. எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. வானத்தில் மேகம் இல்லை, காற்று இல்லை, அதுதான் கள்ளக்கடலின் குணம். அமாவாசைக்கு இரண்டு நாள்தான் இருந்தது, அதனால் கடல் தினமும் ஏறி இறங்குகிற ஏற்றமும் கூடுதல். எங்கள் பக்கம் தெரிய வேண்டியவர்களுக்கெல்லாம் தெரியும். தெரியாமல் போனது அவர்களுக்குத்தான்.

பலகை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. "ஆபத்தான பகுதி, குளிக்கத் தடை." தை மாதம் தண்ணீர் குளம்போலக் கிடக்கிற அன்றும் அதே பலகை, கள்ளக்கடல் அன்றும் அதே பலகை. வருஷம் முழுக்க ஒரே சொல்லைச் சொல்கிற பலகையை யார் படிப்பார்? உப்புக்காற்றில் பாதி எழுத்து வெளுத்தும் போயாச்சு. அதில் துண்டு காய்கிறது. என்றைக்கும் ஆபத்து என்று எழுதுவதைவிட, இன்றைக்கு எப்படி என்று எழுதுவதற்குத்தான் மதிப்பு. அதைத் தினமும் மாற்றி எழுத இந்த ஊரில் வழி இருப்பது பேப்பருக்குத்தான்.

ஆனி ஆடிக் கடலுக்கு நான் இவ்வளவு எழுத மாட்டேன். மேற்கேயிருந்து கச்சான் காற்று அடிக்கிறபோது கடல் கறுத்து, நுரைத்து, கர்ஜித்துக்கொண்டு வரும். குழந்தைகூட அம்மா முந்தானையைப் பிடித்துக்கொள்ளும். பயம் எனக்குப் பங்குனி சித்திரையில்தான். பள்ளிக்கூட லீவு. வெயிலுக்கு இடம் தேடி ஜனம் கரைக்கு வருகிறது. ஏழெட்டு அலை சின்னதாக வந்து போகும். பார்க்கிறவர்கள் ஓரடி இறங்குவார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் வராது, இன்னும் இரண்டடி இறங்குவார்கள். அதற்குப் பிறகு மூன்று நான்கு அலை சேர்ந்தாற்போல் வரும், முதல் அலை காலுக்கடியில் மணலைப் பறிக்கும், இரண்டாவது ஆளைச் சாய்க்கும். நம் கரை செங்குத்தாக இறங்குகிற கரை, நான்கு எட்டு வைத்தால் நிலை கிடையாது. சேலை நனைந்துவிட்டால் பெண்ணால் எழுந்திருக்க முடியாது. கடையிலிருந்து "மக்களே, கீழ எறங்காதிய" என்று கத்துவேன். சுண்டல் விற்கக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துக் கையை ஆட்டுகிறார்கள்.

தூண்டில் வளைவு (கடலுக்குள் நீட்டிப் போட்ட கல் சுவர்) ஓரத்தில் நிற்கிறவர்களைப் பற்றியும் எழுதுங்கள். கல் ஓரத்தில் அலை உடையாமல் தண்ணீர் சமமாகத் தெரியும், அதைப் பார்த்து அங்கேதான் பிள்ளைகளை இறக்குவார்கள். கரையில் ஏறின தண்ணீர் திரும்பிப் போகிற வழியே அதுதான். இழுப்பு அங்கே. மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்தி மூச்சை விடக் கூடாது, கல்லைவிட்டு விலகிக் கரையோடு இணையாக ஒதுங்க வேண்டும் என்று எங்கள் வீட்டுச் சிறுசுகளுக்குத் தெரியும்.

தடைக்காலத்தைப் பற்றியும் ஒரு குழப்பம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை சின்னமுட்டத்து விசைப்படகுக்கும், ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை குளச்சல் பக்கத்து விசைப்படகுக்கும் தடை. அது மீன் குஞ்சு பொரிக்கிற காலம் என்பதற்கான தடை, அலைக்கான தடை இல்லை. "தடை முடிஞ்சிட்டுல்லா அக்கா, இனி குளிக்கலாம்ல" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது சித்திரா பௌர்ணமி வருகிறது. அன்றைக்குக் கன்னியாகுமரியில் மேற்கே சூரியன் இறங்க, கிழக்கே நிலா ஏற, இரண்டையும் ஒரே இடத்தில் நின்று பார்க்க எவ்வளவு கூட்டம் கூடும் என்று உங்கள் நிருபருக்குத் தெரியும். அங்கே இடம் கிடைக்காதவர்கள் சொத்தவிளைக்கும் சங்குத்துறைக்கும் முட்டத்துக்கும் வருவார்கள். பௌர்ணமியை ஒட்டிய இரண்டு மூன்று நாள் ஏற்றம் கூடுதல். கள்ளக்கடல் வருகிற பருவமும் இதுதான். கூட்டம், ஏற்றம், அலை மூன்றும் ஒரே மாலையில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியது இல்லை. நம் பக்கம் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான், குஜராத் மாதிரி இல்லை. ஆனால் ஈரமணலில் நிற்கிறவனுக்கு அரை மீட்டரே போதும்.

நான் கேட்பது அணைக் கட்டத்துக்குக் கீழே நான்கு எண்கள். நாளைய அலையின் உயரம் எத்தனை மீட்டர், இரண்டு அலைக்கு இடைவெளி எத்தனை விநாடி, ஏற்றம் உச்சத்துக்கு வருவது எத்தனை மணிக்கு, காற்று எந்தத் திசை. அலை நிலவரம் இலவசமாகக் கிடைக்கிறது. ஏற்றத்துக்கான நேரத்தை வருஷத்துக்கு முன்பே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். இடைவெளி 15 விநாடிக்கு மேல் போகிற நாளில் மட்டும் அந்த வரியைத் தடித்த எழுத்தில் போட்டு, "மீனவர்களுக்கு" என்ற சொல்லை எடுத்துவிட்டு "கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு" என்று போடுங்கள். திருநெல்வேலி, மதுரை பதிப்பிலும் போட்டால் நல்லது, வேன் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

தினமும் போட்டால் ஜனத்துக்குச் சலித்துவிடும் என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சொல்லலாம். தினமும் போடுவதால்தான் பேச்சிப்பாறை நீர்மட்டம் எவ்வளவு ஏறினால் வெள்ளம் என்று கடல் பக்கத்தில் பிறந்த எனக்கே தெரிகிறது. வெறும் எண்ணாகத்தான் முதலில் இருக்கும். ஒரு மாதம் பார்த்தால் 9க்கும் 18க்கும் வித்தியாசம் தானாகத் தெரிய வரும்.

பேப்பர் என் கைக்கு வரும்போது காலை ஆறு மணி. அதற்கு முந்தின நாள் மாலை வெளியான நிலவரமே போதும், புதிதாக ஒன்றும் அலைய வேண்டாம். சித்திரா பௌர்ணமிக்கு முன்னால் தொடங்கினால், அந்தக் கட்டத்தை வெட்டிக் கடை முகப்பில் ஒட்டிவைப்பேன். அந்தப் பக்கத்தை மட்டும் சுண்டலுக்குக் கிழிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
சங்குத்துறையில் சுண்டல் கடை வைத்திருக்கும் வாசகி,
கன்னியாகுமரி மாவட்டம்