கலவை மேடையில் ஓர் அளவு வாளி வையுங்கள்

கட்டட ஒப்பந்ததாரர்களுக்கும் வேலைத்தள மேற்பார்வையாளர்களுக்கும்,

வணக்கம்.

பதினேழு வயதில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என் கையில் கொடுத்தது ஒரு ரப்பர் குழாய். கலவை போடும் இடத்தில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். "தண்ணி விடு" என்று குரல் வந்தால் விட வேண்டும், "போதும்" என்றால் மடக்க வேண்டும். எவ்வளவு, எதற்கு என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கலவை இளகி ஓடினால் எல்லோருக்கும் நிம்மதி. அள்ளுபவருக்கு மண்வெட்டி லேசாக இறங்கும், கொட்டுபவருக்குப் பரப்புவது சுலபம். அப்படி நாங்கள் போட்ட சன்ஷேடு ஒன்றின் பலகையைப் பிரித்தபோது, ஓரத்தை நகத்தால் சுரண்டினாலே மாவாக உதிர்ந்தது. சிமெண்ட் சரியில்லை என்று சொல்லி மேலே பூசி மறைத்துவிட்டார்கள். கெடுத்தது நான் பிடித்திருந்த குழாய்தான் என்று எனக்குப் புரிவதற்குப் பல வருடங்கள் ஆயின.

இன்று நான் கொத்தனார். உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: தண்ணீரையும் அளந்து விடச் சொல்லுங்கள். மணலுக்குப் பெட்டி வைக்கிறீர்கள், ஜல்லிக்குப் பெட்டி வைக்கிறீர்கள், சிமெண்டை மூட்டை எண்ணிக் கொடுக்கிறீர்கள். தண்ணீருக்கு மட்டும் கண்ணளவு.

கான்கிரீட்டின் வலிமையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது சிமெண்டுக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதம் என்று டஃப் ஏப்ரம்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1918-லேயே எழுதிவிட்டார். சிமெண்ட் தன்னோடு ரசாயனமாகச் சேர்த்துக்கொள்ளும் தண்ணீர் அதன் எடையில் கால் பங்குகூட இல்லை. 50 கிலோ மூட்டைக்குப் பன்னிரண்டு லிட்டருக்குள் அடங்கிவிடும். அதற்கு மேல் விடுவது பெரும்பாலும் கலவை குழைந்து கொடுப்பதற்காகத்தான். மூட்டைக்கு 25 லிட்டர் என்றால் விகிதம் 0.5, நல்ல கான்கிரீட் வரும். இன்னொரு 5 லிட்டர் விட்டால் 0.6. அந்த ஒரு சின்ன வாளித் தண்ணீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வலிமை போய்விடுகிறது. மிஞ்சிய தண்ணீர் வெளியேறிய வழியெல்லாம் நுண்ணிய துளைகளாக நிற்கும். பிற்பாடு அந்தத் துளைகள் வழியாகத்தான் ஈரம் உள்ளே இறங்கிக் கம்பியைத் துரு ஏற்றும். கான்கிரீட் போட்ட கொஞ்ச நேரத்தில் மேலே பால் மாதிரி ஏறி நிற்கிறதே, அதைப் பார்த்து "சிமெண்ட் நல்லா ஊறியிருக்கு" என்று சொல்பவர்கள் உண்டு. அது கூடுதல் தண்ணீர் நல்ல சிமெண்டை மேலே தூக்கிக்கொண்டு வருவது. காய்ந்தபின் அந்தப் பரப்பு தூசியாக உரியும்.

சரி, தண்ணீரை அளந்தால் மட்டும் போதுமா? போதாது, மணலிலேயே தண்ணீர் இருக்கிறது. இதைத்தான் வேலைத்தளங்களில் அதிகம் மறக்கிறோம். ஒரு மூட்டையோடு சேரும் மணல் 100 கிலோ, அதில் 5 சதவீதம் ஈரம் என்றால், நீங்கள் விடாமலேயே கிட்டத்தட்ட 5 லிட்டர் கலவைக்குள் போய்விட்டது. அன்றைக்கு 25 லிட்டர் கணக்கில் 20 லிட்டர்தான் விட வேண்டும். இரவு மழை பெய்த மணலுக்குக் காலையில் ஒரு கணக்கு, வெயிலில் உலர்ந்தபின் மதியம் வேறு கணக்கு.

அப்புறம், ஈர மணல் உப்பும். மணல் துகள்களைச் சுற்றி ஒட்டிய ஈரம் அவற்றை ஒன்றையொன்று நெருங்க விடாது. அதனால் பெட்டி நிறைந்ததுபோல் தெரியும், உள்ளே மணல் குறைவாக இருக்கும். நேரான சுவருள்ள கண்ணாடிப் பாத்திரத்தில் ஈர மணலை 20 செ.மீ. உயரத்துக்குத் தளர்வாகப் போடுங்கள். தண்ணீர் ஊற்றி நன்றாகக் கலக்கிப் படிய விடுங்கள். முழுக்க நனைந்த மணல் உலர்ந்த மணலின் அளவுக்கே திரும்பிவிடும். 16 செ.மீ.க்கு இறங்கினால் 25 சதவீதம் உப்பியிருந்தது என்று பொருள். அந்த மணலில் 1:6 என்று, அதாவது ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல் என்று, பெட்டி கணக்கில் கலந்தது உண்மையில் 1:5-ஐவிடச் செறிவான கலவை. பூச்சில் ஒரு சுவர் ஒழுங்காக இருக்க, பக்கத்துச் சுவரில் மயிரிழை வெடிப்பு ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். சிமெண்ட் கூடினால் பூச்சு பலமாகும் என்று நம்புகிறோம், ஆனால் கூடுதல் சிமெண்ட் கூடுதலாகச் சுருங்கும். அதே பாத்திரத்தில் மணலின் மேல் படியும் சேற்று அடுக்கையும் பார்த்துவிடுங்கள். அது தடிமனாக இருந்தால் அந்த மணல் வேண்டாம்.

செங்கல் கட்டும் சாந்துக்கு இதே கறார் செல்லாது. கல் தண்ணீரை உறிஞ்சும், ஆகவே சாந்து சற்று இளகலாகவே இருக்க வேண்டும், கல்லையும் முன்பே நனைக்க வேண்டும். இங்கே கேடு வேறு இடத்தில் நடக்கிறது. காலையில் மொத்தமாகக் கலந்து குவித்ததை, சாப்பிட்டு வந்தபின் தண்ணீர் தெளித்து மறுபடி குழைக்கிறோம். அதற்குள் சிமெண்ட் இறுகத் தொடங்கியிருக்கும், உடைந்த பிடிப்பு முழுதாகத் திரும்பாது. இரண்டு மணி நேரத்தில் தீரும் அளவுக்கு மட்டும் கலக்கச் சொல்லுங்கள், மிஞ்சினால் கொட்டிவிட அனுமதியுங்கள். அந்த அனுமதி உங்களிடமிருந்து வந்தால்தான் உண்டு. வீணாக்கினாய் என்று திட்டு வாங்க எந்த ஆளும் துணிய மாட்டார்.

தண்ணீரைக் குறைத்தால் கம்பிகளுக்கு நடுவே கலவை இறங்காது, தேன்கூடு மாதிரி ஓட்டை விழும் என்பீர்கள். நியாயமான பயம்தான். அதற்குக் கலவையை அதிரவைத்து இறக்கும் வைப்ரேட்டர் இருக்கிறது, தண்ணீர் சேர்க்காமலே கலவையை இளக்கும் திரவங்கள் இருக்கின்றன. இரண்டையும் வேலைத்தளத்துக்கு வரவழைப்பது உங்கள் கையில் இருக்கிறது.

அதோடு, கலவையில் வெறுங்கையோடும் வெறுங்காலோடும் நிற்பவர்களுக்குக் கையுறையும் பூட்ஸும் கொடுங்கள். ஈர சிமெண்டின் காரம் தோலைப் புண்ணாக்கும். என் விரலிடுக்கில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

நாளைக் காலை மிக்சர் ஓடுவதற்கு முன், லிட்டர் கோடு போட்ட வாளி ஒன்றை அதன் பக்கத்தில் வைத்துவிடுங்கள். மூட்டைக்கு எத்தனை லிட்டர் என்பதைச் சுவரில் பெரிதாக எழுதுங்கள். குழாய் பிடித்து நிற்கும் பையனை அழைத்து, ஏன் அவ்வளவுதான் என்பதையும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கொத்தனார்